மான் வரும் நேரம்

தமிழிலேயே எழுதலாம் என்று சொன்னீர்கள், நன்றி. என் ஆங்கிலம் கடைக்கும் டாக்டரிடம் போவதற்கும் போதும், இதற்குப் போதாது. கையெழுத்தைப் பற்றி மொழிபெயர்ப்பவர் கவலைப்பட வேண்டாம். ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் தையல் படிப்பித்தவள் நான். கோடு தவறாமல் எழுத வரும்.

என் பெயர் அஞ்சலீனா. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் மன்னார் பக்கம், பேசாலை. 1985இல் கணவரோடு லண்டனுக்கு வந்தேன். அன்றிலிருந்து வெஸ்ட் ஈலிங்கில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. என் கணவர் கிறிஸ்துராஜா செவ்வாய்க்கிழமை காலை இந்தப் பொலிஸ் நிலையத்தில் உங்களிடம் வந்து, எங்கள் மேல்மாடியில் குடியிருந்த பெர்னடெற் என்ற பெண்ணை நாலு வருடத்துக்கு முன் தான் வேண்டுமென்றே அம்பெய்து கொன்றதாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை. அவர் ஓர் எறும்பைக்கூட விரலால் நசுக்க மாட்டார், ஊதித்தான் விடுவார். நடந்ததை நடந்தபடி நான் எழுதிக் கொடுத்தால் நீங்கள் அவரை விட்டுவிடுவீர்கள். அதற்காகத்தான் வந்தேன்.

வில்லிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அவருக்கு விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையல்கூடத்தில் வேலை. ஒரு தட்டில் ஒரு பணிஸ், ஒரு பட்டர், ஒரு கரண்டி என்று ஒரு ஷிப்டில் ஆயிரம் தட்டு அடுக்குவார். வந்து குளித்து, சாப்பிட்டு, செய்தி பார்த்துப் படுப்பார். என்னோடு சந்தைக்கு வருவார், பூசைக்கு வருவார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

1992 இலையுதிர் காலத்தில், கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் யாக்கோப்புவின் மகளுக்குக் கலியாணம். எனக்கு அப்போது வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து பத்து நாள்தான். போக முடியவில்லை. இரண்டு கிழமை என்று போனவர் ஐந்து கிழமை கழித்துத் திரும்பினார். அந்த மிச்ச மூன்று கிழமையும் நான் எப்படி இருந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தேன்.

திரும்பி வந்தவர் நிறையக் கதைத்தார். யாக்கோப்பு அண்ணை அவரை வடக்கே காட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மரத்தில் பலகை கட்டி அதில் ஏறி இரண்டு பேரும் அசையாமல் ஐந்து மணி நேரம் இருந்தார்களாம். பிறகு ஒரு மான் வந்ததாம். யாக்கோப்பு அண்ணை அதை அம்பால் வீழ்த்தினார்.

"அஞ்சலீனா, அது வரேக்கை ஒரு சத்தமும் இல்லை," என்றார். "இஞ்சை ஒண்டும் இல்லையெண்டு பாத்துக்கொண்டிருப்பம். பாத்தால் அந்த இடத்திலை நிக்கும்."

சொல்லும்போது சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. கலியாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் எதைப் பற்றியும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த மாதமே ஞாயிறுகளில் ஒரு வில்வித்தைச் சங்கத்துக்குப் போகத் தொடங்கினார். பூசை முடிந்து நான் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன், அவர் அங்கே போவார். பிறகு சொந்தமாகவே ஒரு வில் வாங்கினார். நீங்கள் படங்களில் பார்க்கும் வில் இல்லை. இரண்டு முனையிலும் கப்பி வைத்தது. முதலில் இழுக்கக் கடினமாக இருக்கும், முழுக்க இழுத்த பிறகு இலேசாகிவிடும். அதனால் நெடுநேரம் இழுத்துப் பிடித்தபடி காத்திருக்கலாம். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாட அனுமதியில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். 1994 ஒக்டோபரில் கனடாவுக்குப் போய் அண்ணனோடு வேட்டையாடுவது என்பதே திட்டம். அதற்குத்தான் வீட்டில் இரண்டு வருடப் பயிற்சி.

குளிர் காலத்தில் நடைக்குள்ளேயே செய்தார். முன்கதவைப் பூட்டி, அதற்கு முன்னால் பழைய கம்பளித் துணிகளை இறுக்கி அடைத்த மூட்டையை வைத்து, சமையலறை வாசலில் நின்று எய்வார். பதினைந்து அடி தூரம்கூட வராது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். குறி பார்ப்பது பிறகு, முதலில் கை பழக வேண்டும் என்பார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். நாண் அடிக்கும் சத்தம், அம்பு துணியில் இறங்கும் சத்தம், பிறகு அவர் நடந்து போய் அதைப் பிடுங்கும் சத்தம். வீட்டில் ஒரு மணிக்கூடு கூடுதலாக ஓடுவது போல இருக்கும்.

வெயில் வந்ததும் தோட்டத்துக்குப் போனார். எங்கள் தோட்டம் ஒடுக்கமானது, ஆனால் அறுபது அடி நீளம். கடைசியில் ஒரு மரப் படலை, அதைத் திறந்தால் பின்ஒழுங்கை. படலைக்குப் பக்கத்தில் உயரமான செங்கல் சுவர். அந்தச் சுவரோடு தடித்த வைக்கோல் பலகையை நிறுத்தி, அதில் அட்டையில் வெட்டிய மானை ஒட்டி, நெஞ்சில் ஒரு சாசர் அளவுக்கு வட்டம் கீறினார். படலையால் உள்ளே வருகிறவர்கள் அந்த மானுக்கு முன்னால் நடந்துதான் பாதைக்கு ஏற வேண்டும்.

அதனால் ஒரு விதி வைத்திருந்தார். படலைக்கு உட்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். வில்லைத் தொடுமுன் நான் போய் அதைப் போட்டுவிட்டு வந்து, "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் அவர் வில்லைத் தூக்கியதே இல்லை. அவர் எவ்வளவு கவனமான மனிதர் என்பது விளங்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

பெர்னடெற் எங்களிடம் 1991இல் வந்தவள். இருபத்தொன்பது வயது. தாயும் தகப்பனும் இல்லை, ஒரே தமக்கை எமில்டா ஜெர்மனியில். ஈலிங்கில் முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. மாப்பிள்ளைப் பொடியன் டென்மார்க்கில் இருந்தான். 1995 தைமாதம் கலியாணம் என்று நிச்சயம் செய்திருந்தார்கள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணை என்பாள். ஓய்வு நாட்களில் மேல் யன்னலைத் திறந்து அவர் எய்வதைப் பார்ப்பாள்.

"அண்ணை, மான் உங்களைப் பாத்துச் சிரிக்குது," என்று மேலிருந்து கத்துவாள்.

"கொஞ்சம் பொறும், இப்ப அழும்," என்பார் இவர்.

அப்படியான பகிடியெல்லாம் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

நீங்கள் இந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வருவீர்கள். வேண்டாம். அவர்களுக்குள் ஒன்றும் இருக்கவில்லை, இருந்ததாக நான் ஒருநாளும் நினைக்கவும் இல்லை. நல்ல பிள்ளை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இன்றுவரை கிடையாது.

1994 ஆகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம் அவர் நடையில் நின்று யாக்கோப்பு அண்ணையோடு தொலைபேசியில் கதைத்தார். நான் படியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ஓம் அண்ணை. ஓம். அங்கை நிக்கலாம்தான். எனக்கும் விருப்பம்தான்." அண்ணை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அவளைப் பிறகு பாப்பம்," என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. நியாயமான வழிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். பங்குச் சுவாமியாரிடம் சொல்லி, உயிர்க்கொலை பாவம் என்று கதைக்கச் சொன்னேன். சுவாமியார் சிரித்துவிட்டு, நல்ல உடற்பயிற்சிதானே என்றார். நாணை இழுக்க என் கணவர் மணிக்கட்டில் கட்டும் கொளுக்கியை எடுத்து மாவு டப்பாவுக்குள் ஒளித்தேன். நாள் முழுக்கத் தேடிவிட்டு மறுநாள் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். நேரடியாகவும் கேட்டேன், போக வேண்டாம் என்று. "மூண்டு கிழமைதானே, என்ன நீர் சின்னப் பிள்ளை மாதிரி," என்றார். வில்லை உடைத்தால் இன்னொரு வில் வாங்குவார். அவருக்கே வில்லைப் பார்க்க ஏலாமல் போக வேண்டும். அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

முதலில் யாருக்கும் காயம் படுவதாக நான் நினைக்கவில்லை. ஒரு பயம் போதும், அம்பு யாருக்கோ பக்கத்தில் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால், பயம் ஒரு மாதத்தில் போய்விடும். கிறிஸ்துராஜா நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர் இல்லை.

யார் என்பதிலும் அவசரப்படவில்லை. கடிதம் கொண்டுவருகிறவர் முன்பக்கத்தால் வருபவர். அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவிக்கு மூன்று மகன்மார். அவர்கள் விட மாட்டார்கள், கோர்ட், சிறை என்று போய்விடும். அவர் சிறைக்குப் போனால் எனக்கு இதில் என்ன இருக்கிறது? எங்கள் ஆளாக இருந்தால் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விடுவீர்கள் என்று நினைத்தேன். குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது. கேட்டு அழ லண்டனில் யாரும் இல்லாத ஆளாக இருக்க வேண்டும். அதோடு அவர் பிரியமாக இருக்கும் ஆளாகவும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

செப்டெம்பரில் பயிற்சியை மாற்றினார். மரத்தில் ஒளிந்திருந்தால் எப்படியிருக்குமோ அப்படிப் பழக வேண்டும் என்று, சமையலறைப் பின்வாசலில் கறுப்புத் துணியைக் கட்டி, அதில் ஒரு கிழிசல் விட்டு, அதற்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எய்தார். அந்தக் கிழிசலால் பார்த்தால் மானின் நெஞ்சும் கொஞ்சம் சுவரும்தான் தெரியும், படலை தெரியாது. நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டார். "மான் எங்கடை நேரத்துக்கு வராது. நான் இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருப்பன். நீர் யன்னலடியிலை நிண்டு, உமக்கு விருப்பமான நேரம் 'விடுங்கோ' எண்டு சொல்லும். சொன்ன உடனை விடுவன்."

அப்படியே செய்தோம். பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றால் யன்னலால் முழுத் தோட்டமும் தெரியும். சில வேளை பத்து எண்ணிச் சொல்வேன், சில வேளை அறுபது எண்ணி. அவர் கை நடுங்கத் தொடங்கும், ஆனாலும் நான் சொல்லாமல் அம்பை விட மாட்டார். இரண்டாம் கிழமை 'வி' என்ற சத்தத்துக்கே அம்பு போய்விடும். 'ங்கோ' என்று நான் முடிக்கும்போது அது மானில் நிற்கும். அந்த நாட்களில் எங்களுக்குள் இருந்த நெருக்கத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் முழுக்க என் வாயைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வேலைக்குப் போன நேரங்களில் நான் படலையிலிருந்து மானுக்கு நடந்து பார்த்தேன். பெர்னடெற்றுக்கு என்னைவிடக் கால் நீளம். அவளுக்கு மூன்று அடி எடுத்து வைத்தால் போதும்.

பதினான்காம் திகதி அம்பு முனைகளை மாற்றினார். அதுவரை பயிற்சிக்கு மழுங்கல் முனைதான். வேட்டை முனை வேறு. சவர அலகு போல மூன்று தகடு வைத்தது. அது காற்றில் வேறு மாதிரிப் போகுமாம், அதனால் கடைசி நாட்களில் அதோடுதான் பழக வேண்டுமாம். ஒக்டோபர் ஒன்றாம் திகதி விமானம்.

பதினேழாம் திகதி சனிக்கிழமை. காலையில் முன்நடைத் தரைக்கு வார்னிஷ் அடித்தேன். கனநாளாக அடிக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு, அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, பெர்னடெற்றின் வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"முன்னாலை வார்னிஷ் அடிச்சிருக்கிறன் பிள்ளை, காயேல்லை. பின்படலையாலை வா."

"அண்ணை வில்லோடை நிப்பாரே அக்கா?"

"இல்லை, அவருக்கு இண்டைக்கு ஓவர்டைம். படலை திறந்துதான் இருக்கு."

"சரி அக்கா. ரெண்டேகாலுக்குள்ளை வந்திடுவன். சப்பாத்து வாங்கியிருக்கிறன், வந்து காட்டுறன்."

இரண்டு மணிக்கு அவர் துணியைக் கட்டினார். நான் தோட்டத்தின் கடைசிவரை நடந்து போனேன், படலையடியில் குனிந்தேன், திரும்பி வந்தேன். "போட்டாச்சு" என்றேன்.

நாலு அம்பு வழக்கம்போலப் போயின. இரண்டு மணி பதினெட்டுக்கு ஐந்தாவதை இழுத்துப் பிடித்தார். நான் எண்ணத் தொடங்கினேன். முப்பத்தைந்து எண்ணும்போது படலை அசைந்தது. நான் எண்ணெய் விட்டிருந்தேன், சத்தம் வரவில்லை. பெர்னடெற் உள்ளே வந்தாள். சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், கையில் வெள்ளைப் பெட்டி. படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். யன்னலில் என்னைக் கண்டாள். கண்டதும் சிரித்து, அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

முதலாவது அடி. இரண்டாவது.

"விடுங்கோ" என்றேன்.

அம்புலன்சுக்கு நான்தான் அழைத்தேன். முகவரியை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாயே என்று அந்தப் பக்கத்துப் பெண் மெச்சினாள். அவர் பெர்னடெற்றை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் இருந்தார். வாய் ஓயாமல் ஒன்றையே சொன்னார்: "சிவப்பா ஒண்டு கண்டனான். கண்டிட்டுத்தான் விட்டனான்." அதைத்தான் நாலு வருடம் கழித்து உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறார். கண்டிருக்கலாம். ஆனால் கண் கண்டதைக் கை கேட்கும் முன் என் சத்தம் கேட்டுவிட்டது. அப்படித்தான் அவர் தன்னைப் பழக்கி வைத்திருந்தார். அது அவருடைய குற்றம் ஆகாது.

உங்கள் ஆட்கள் அன்றைக்கு வந்து ஈர வார்னிஷில் நடந்தார்கள். அந்தச் சப்பாத்து அடையாளங்கள் இப்போதும் கம்பளத்துக்குக் கீழே இருக்கின்றன. மரண விசாரணையில் நான் தாழ்ப்பாளைப் போட்டேன் என்றும், அது பழையது, சில வேளை தானாகக் கழலும் என்றும் சொன்னேன். தாழ்ப்பாளைக் கழற்றிப் பார்த்தார்கள். ஆணி இளகித்தான் இருந்தது. அதையும் நான் முதல்நாளே பார்த்து வைத்திருந்தேன். தவறுதலாக நேர்ந்த மரணம் என்று எழுதினார்கள்.

பழைய கோப்பில் அவருடைய விமானச் சீட்டின் பிரதி இருக்கும். அது போய்த் திரும்பிவரும் சீட்டு, ஒக்டோபர் இருபத்துநாலாம் திகதிக்கு. அதை நான் ஆகஸ்டிலேயே அவருடைய அலுமாரியில் பார்த்துவிட்டேன். 1992இல் கொண்டுபோனதும் திரும்பிவரும் சீட்டுத்தான். ஆகவே அதை வைத்து நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

அவர் கனடாவுக்குப் போகவில்லை. வில்லை உங்கள் ஆட்கள் திருப்பித் தந்தபோது அவர் வாங்கவும் இல்லை. வேலையை விட்டார். நாலு வருடம் முன்அறைக் கதிரையில் இருந்தார். நான் சவரம் செய்துவிடுவேன், மீனுக்கு முள் எடுத்துக் கொடுப்பேன். வலதுகையின் விரல்கள் எதையோ இழுத்துப் பிடித்த மாதிரி மடங்கியே இருக்கும், நான் எண்ணெய் தேய்த்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவேன். தோட்டத்துப் பக்கம் வர மாட்டார். சில நாட்களில் மேல்மாடி யன்னல் திறக்கும் சத்தம் கேட்டதாகச் சொல்வார். "ஆரோ சிரிக்கினம், போய்ப் பாரும்" என்பார். போய்ப் பார்ப்பேன். யன்னல் பூட்டித்தான் இருக்கும். வந்து சொன்னால் நம்ப மாட்டார்.

எனக்கு அப்படி ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு இருப்பது வேறு. சனிக்கிழமைகளில் பாத்திரம் கழுவும்போது, ஒரு நேரம் வரும், என் வாய் தானாக மேற்பல்லுக்கும் கீழ்உதட்டுக்கும் இடையில் அந்த 'வி'யைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மணிக்கூட்டைப் பார்த்தால் இரண்டு பத்தொன்பது. வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டு நிற்பேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். யன்னலுக்கு வெளியே அவள் இன்னும் மூன்றாவது அடியை வைக்காமல் பெட்டியைத் தூக்கிக் காட்டியபடி நிற்பாள். கோபமாக இல்லை. சப்பாத்தைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். இதற்காக நான் டாக்டரிடம் போனதில்லை.

இந்தத் திங்கட்கிழமை எமில்டா வந்தாள். பெர்னடெற்றின் தமக்கை. ஜெர்மனியில் அவளுடைய பேப்பர்கள் சரிவர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. சண்டை பிடிக்க வரவில்லை. ஒரு பெட்டி சொக்லேட் கொண்டுவந்தாள். தங்கச்சி இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். யாரும் எதிர்பார்க்காதபடி அவர் கதிரையை விட்டு எழுந்து, தானே அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேரும் சுவரடியில் நெடுநேரம் நின்றார்கள். பிறகு சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே," என்றாள் எமில்டா. "அவள் கிழமைக்கு ஒருக்கா எனக்குக் காயிதம் போடுறவள். வீட்டைப் பற்றியெல்லாம் எழுதுவாள். பின்படலை எண்டு ஒருநாளும் எழுதேல்லை. அண்டைக்கு மட்டும் ஏன் பின்னாலை வந்தவள்?"

"முன்நடைக்கு வார்னிஷ் அடிச்சிருந்தனான்," என்றேன்.

"அது வேலையிலை நிண்டவளுக்கு எப்பிடித் தெரியும்?"

நாலு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை, மரண விசாரணையிலும் கேட்கவில்லை. நான் சீனி போடட்டா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எமில்டாவை பஸ்தரிப்பிடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுத்தார்.

மறுநாள் காலை தானே சவரம் செய்துகொண்டார். நான் போட்ட தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. வாசலில் நின்று, "போறன்" என்றார். எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் "போயிட்டு வாறன்" என்பதுதான் வழக்கம். வாய் தவறி வந்திருக்கும். நாலு வருடமாக வெளியே அதிகம் போகாதவர், வழக்கம் விட்டுப்போயிருக்கும்.

ஆகவே இதுதான் நடந்தது. பெர்னடெற்றைக் கொன்றது நான். வரச் சொன்னது நான், தாழ்ப்பாளைத் திறந்து வைத்தது நான், விடச் சொன்னது நான். அவர் செய்தது என் சொல்லைக் கேட்டது மட்டும். கீழே கையெழுத்துப் போடுகிறேன். இதோடு அவர்மேல் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது, நீங்கள் அவரை அனுப்பலாம்.

உங்களோடு இருந்த பொலிஸ்காரப் பெண் ஒன்று சொன்னாள். எங்கே வேண்டுமானாலும் அடைத்து வையுங்கள், அந்த வீட்டுக்கு மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். நான் வந்திருப்பதைச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். இரண்டு நாளாக ஒழுங்கான சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, அதுதான். அவருடைய தடித்த கோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், வெளியே நல்ல குளிர். நான் இங்கே இந்த வாங்கிலேயே உட்கார்ந்திருக்கிறேன், அவசரம் இல்லை. பாவம், என்னை விட்டு அவர் எங்கே போகப் போகிறார்?